கொரோனாவுக்குப் பிந்தைய பாதிப்புகளுக்குத் தனி வெளிநோயாளர் பிரிவு கோரி மனு

அனுப்புநர்:
சுமைப்பணித் தொழிலாளி, மஞ்சள் மண்டி, ஈரோடு
(பெயர், முகவரி இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், ஈரோடு மாவட்டம்

பொருள்: கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் மூச்சுத்திணறலுக்குப் பரிசோதனையும் சான்றும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 19 வருடம் மஞ்சள் மூட்டை தூக்கியவன். 2021 மே மாதம் கொரோனா வந்து 16 நாள் அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனில் கிடந்தேன். பிழைக்க வைத்து அனுப்பினார்கள், அந்த நன்றி என்றும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதியிருக்கிறது. என் குறை அந்த ஒரு சொல்லோடுதான்.

என் வீட்டுக்கு 14 படி. எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினால்தான் மீதியை ஏற முடிகிறது. உட்கார்ந்தபடி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 96 சதவீதம் காட்டும். தெருமுனை வரை நடந்து வந்து மாட்டினால் 88. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தே பார்க்கிறார்கள், "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். சளிப் பரிசோதனைக்கு எழுதினார்கள். காசநோய் இல்லை என்று வந்ததும் அத்தோடு விட்டுவிட்டார்கள். அப்போது போட்ட ஸ்டீராய்டில் ஏறிய சர்க்கரையும் இன்றுவரை இறங்கவில்லை.

மண்டிக்காரர் இரக்கப்பட்டுச் சீட்டு எழுத வைத்திருக்கிறார். கூலி பாதி. மஞ்சள் தூசி கிளம்பினால் அந்தப் பாதிக்கும் உட்கார முடிவதில்லை. கூட வேலை பார்த்த ஒருவருக்குக் கொரோனா வந்தபோது லேசான காய்ச்சல்தான், வீட்டிலேயே குணமாகிவிட்டது. அவர் இப்போது மூட்டைக் கணக்கை மூன்று முறை எண்ணியும் தப்பு விடுகிறார்.

இது மனப்பிரமை இல்லை ஐயா. கொரோனா தொடங்கி 3 மாதம் ஆன பிறகும் இருந்து, 2 மாதமாவது நீடித்து, வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவுகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நிலையாக வரையறுத்திருக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் நுரையீரல் பாதிப்பு இல்லை. கை கால் நன்றாக இருப்பதால் அடையாள அட்டைக்கும் வழியில்லை.

சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தங்களிடம் கேட்கவில்லை. தங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையிலாவது வாரம் ஒரு நாள் இதற்கெனப் புறநோயாளர் பிரிவு வேண்டும். அங்கே எங்களை 6 நிமிடம் நடக்க வைத்து ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். வந்த அளவைச் சான்றாக எழுதிக் கொடுத்தால் தொழிலாளர் நலவாரியத்தில் காட்ட ஒரு காகிதமாவது எங்களிடம் இருக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறைப் பணியாளர்கள் மூச்சுப் பயிற்சியும் சொல்லித்தர ஆணையிட வேண்டுகிறேன்.

மனு கொடுக்கும் இடம் மாடியில் இருந்தால், வரிசையில் என் முறைக்குக் கொஞ்சம் தாமதமாக வருவேன், பொறுத்தருளவும்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சீட்டு நகல், நலவாரிய அட்டை நகல், ஆக்சிஜன் அளவுகள் குறித்த நோட்டுப் பக்கங்கள்.

இடம்: ஈரோடு
நாள்: 22.07.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)