வகுப்புத் திட்டத்தைப் படித்தபின் சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும், வக்கீல்களுக்கு இ-டிஸ்கவரி (வழக்குக்காக மின்னணு ஆவணங்களைப் பத்திரப்படுத்தி, தேடி, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் வேலை) கற்றுத்தரும் வகுப்புத் திட்டமும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆறு மணி நேரம் நின்று பேசப்போகிறவனுக்கு அது முக்கியம். இங்கே எல்லோரும் நலம்.

திட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரத்தை ஆவணங்களைப் படித்துப் பிரிக்க உதவும் ரிவ்யூ மென்பொருளின் திரையைக் காட்டவே ஒதுக்கியிருக்கிறாய். அதை அரை மணியாக வெட்டு. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மென்பொருள் விற்பவரே இலவசமாகச் சொல்லித்தருவார். அடுத்த வருஷம் அந்தப் பொத்தான் இடம் மாறியும்விடும். இ-டிஸ்கவரியில் வக்கீல்கள் வழுக்கி விழுவது அதற்கு முன்னால்: தரவைப் பத்திரப்படுத்தும்போதும், தேடுசொற்களுக்குத் தலையாட்டும்போதும்.

தொடக்கத்துக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் பாரின் (அந்த மாநில வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) 2015-193 எண் நெறிமுறைக் கருத்துரையை எடுத்துக்கொள். இ-டிஸ்கவரியில் வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்பது வேலைகளை அது வரிசைப்படுத்துகிறது. தெரியாவிட்டால் கற்றுக்கொள், தெரிந்தவரைச் சேர்த்துக்கொள், இல்லையேல் வழக்கை விடு என்கிறது. பட்டியலை வாசித்துக் காட்டாதே, தூங்கிவிடுவார்கள். அதில் வரும் கற்பனை வழக்கைப் பேசு. எதிர்த்தரப்பு தேர்ந்தெடுத்த நிறுவனமே தன் கட்சிக்காரரின் கணினிகளில் தேடலாம் என்று ஒரு வக்கீல் ஒப்புக்கொள்கிறார். தவறிப்போய்க் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற ‘கிளாபேக்’ உத்தரவு இருக்கும் தைரியம். ஆனால் தேடுசொற்களோ அகலமானவை; ரகசிய ஆவணங்களும் தொழில் ரகசியங்களும் போட்டியாளர் கைக்குப் போய்விடுகின்றன. போதாக்குறைக்கு, கட்சிக்காரரின் வழக்கமான அழிப்புக் கொள்கைப்படி சில கோப்புகள் ஏற்கெனவே போய்விட்டதால், ஆதாரத்தை அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் வருகிறது. எத்தனை இடத்தில் தப்பு என்று வகுப்பையே எண்ணச் சொல்.

பத்திரப்படுத்துவதில், தொலைந்த மின்னணுத் தரவுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதி 37(e)-ஐ இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். 2015 டிசம்பர் 1 முதல் உள்ள வடிவம்தான் இன்றைக்குப் பேச்சு. நியாயமான முயற்சி எடுக்காததால் தரவு தொலைந்திருக்க வேண்டும், வேறெங்கிருந்தும் மீட்க முடியாததாக இருக்க வேண்டும். அதன்பின் எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு இருந்தால் அந்த அளவுக்குப் பரிகாரம். பாதகமான அனுமானம் (தொலைந்தது அவர்களுக்கே எதிரானது என்று கொள்வது), வழக்குத் தள்ளுபடி போன்ற கடுந்தண்டனைக்கு, கிடைக்கவிடாமல் செய்யும் நோக்கமே நிரூபணமாக வேண்டும்.

நேரம் செலவிட வேண்டியது லீகல் ஹோல்டில், அதாவது வழக்குக்கான எதையும் அழிக்காதே என்று கட்சிக்காரருக்குச் சொல்லும் உத்தரவில். கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஸுபுலேக் வழக்கில் 2004-லேயே நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் சொன்னது, வக்கீல் அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று. மின்னஞ்சலின் தானியங்கி அழிப்பை யார், எந்தத் தேதியில் நிறுத்தினார்? சாட் செயலியில் செய்திகள் தானே மறையும் அமைப்பு ஓடுகிறதா? வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களா? இதையெல்லாம் சட்டப் பிரிவிடம் கேட்டால் பதில் வராது, ஐடி ஆளிடம் கேட்க வேண்டும். வகுப்பில் ஒருவரை ஐடி ஆளாக நடிக்கவைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்.

கோப்பைப் பிரதி எடுப்பதை அங்கேயே செய்து காட்டு. விண்டோஸில் ஒரு கோப்பை வேறொரு டிரைவுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ இன்றைய தேதியாகிவிடும், ‘திருத்திய தேதி’ பழையதாகவே நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஆவணம்! உள்ளடக்கம் மாறாததால் ஹேஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) அப்படியே இருக்கும். ஹேஷ் பொருந்திவிட்டது, ஆகவே தேதி போன்ற மெட்டாடேட்டாவும் பத்திரம் என்ற நினைப்பு அதோடு உடையும்.

தேடலுக்கு ஒன்றரை மணி நேரமாவது கொடு. 1985-இல் பிளேர், மேரன் என்ற ஆய்வாளர்கள் தேடலைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றும் வேலை செய்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் ரயில் விபத்து வழக்கு, சுமார் 40,000 ஆவணங்கள். முக்கால்வாசி கிடைத்துவிட்டது என்று வக்கீல்கள் நம்பினார்கள். கிடைத்தது ஏறக்குறைய 20 சதவீதம். ஒரு தரப்பு ‘விபத்து’ என்று எழுதியதை மறு தரப்பு ‘துரதிர்ஷ்டவசமான நிகழ்வு’ என்று எழுதியிருந்தது. தேடுசொல்லை மேஜையில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. அந்த மின்னஞ்சல்களை எழுதியவரிடம் போய், நீங்கள் இதை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. தேடலில் சிக்காமல் 1,00,000 ஆவணங்கள் மிஞ்சின என்று வை. அதிலிருந்து குருட்டாம்போக்கில் 400 எடுத்துப் படித்தால் 8 தொடர்புடையவை. இரண்டே சதவீதம்தானே என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் மிச்சத்தில் கிட்டத்தட்ட 2,000 கிடக்கிறது என்று அர்த்தம். தேடலில் கண்டெடுத்த தொடர்புடையவை 8,000 என்றால் பத்தில் எட்டுப் பங்கு கையில் இருக்கிறது, பரவாயில்லை. கண்டெடுத்ததே 2,000 என்றால் பாதியைக் கோட்டை விட்டாயிற்று. அதே இரண்டு சதவீதம்தான். இந்தக் கணக்கைப் பலகையில் அவர்கள் கையாலேயே போடவை.

ரகசியப் பாதுகாப்புக்கு அமெரிக்கக் கூட்டாட்சி சாட்சிய விதி 502(d) உத்தரவை வழக்கின் ஆரம்பத்திலேயே வாங்கச் சொல். ஆவணம் தவறிப் போனதால் வக்கீல்-கட்சிக்காரர் ரகசிய உரிமை போகாது என்பது வேறு வழக்குகளிலும் செல்லுபடியாகும். ஆனால் எதிராளி படித்ததை அவர் மனசிலிருந்து எந்த உத்தரவும் அழிக்காது. கறுப்புப் பட்டை போட்டு மறைத்தபின், ஆவணத்தின் படத்தோடு தேடுவதற்காகப் போகும் எழுத்துக் கோப்பில் அதே வரி அப்படியே இருக்கிறதா என்று பார்க்கவும் பழக்கு. அடிக்கடி நழுவுவது அங்கேதான்.

பயிற்சிக்குப் பொதுவெளியில் இருக்கும் என்ரான் (திவாலான அமெரிக்க நிறுவனம்) மின்னஞ்சல்கள் போதும். மொத்தத்தையும் கொட்டாதே, 3,000 எடு. உள்ளே நீயே சிலவற்றைப் புதைத்து வை: எழுத்தாக மாற்றாத ஸ்கேன் பிடிஎஃப் ஒன்று, கடவுச்சொல் போட்ட ஜிப் ஒன்று, பெயரைத் தப்பாக எழுதிய மின்னஞ்சல் இரண்டு, இணைப்புக்குப் பதிலாக மேகக்கணிச் சுட்டி மட்டும் உள்ள ஒன்று. யாருக்கு எது சிக்கியது என்று எனக்கு எழுது. புதைத்ததன் பட்டியலை மட்டும் அதே ஃபோல்டரில் விட்டுவிடாதே.

அன்புடன்,
ராகவன்