வானிலிருந்து தீயிடும் முன் விதிகளை எழுதுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் மதிப்பிற்குரிய முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கும், தீத்தடுப்புப் பணியைத் திட்டமிடும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பல்லாவரத்தில் வசிக்கிறேன். 28 ஆண்டுகள் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் நான்கு ஆண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில், காட்டில் வானிலிருந்து தீயிடும் ஹெலிகாப்டர்களைப் பராமரித்தேன். 2024 மார்ச்சில் குன்னூர் மலையில் காட்டுத்தீ எரிந்தபோது சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் தண்ணீர் அள்ளிக் கொட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தீயை அணைக்க ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுப் பழகிய பிறகு, தீத்தடுப்புக்காகத் திட்டமிட்டு எரிக்கவும் அதையே கூப்பிடலாமே என்ற பேச்சு ஒருநாள் எழத்தான் செய்யும். அப்படி ஒரு திட்டம் இப்போது துறையிடம் இருப்பதாக நான் சொல்லவில்லை. திட்டம் கையெழுத்தான பிறகு அவசரமாக எழுதப்படும் பாதுகாப்பு விதிகள் எப்படி இருக்கும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாமல் இருக்கக் காட்டில் விடும் வெற்றுப் பட்டைகளை, சுத்தம் செய்து எரிக்கும் பணி எவ்வளவு கடினமானது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புல் எரியும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், கட்டுக்கு அடங்காத அளவுக்குக் காய்ந்துவிடவும் கூடாது. அந்தப் பதம் இருக்கும் நாட்கள் சில. உண்ணிச்செடி மண்டிய சரிவுகளில் கையில் தீப்பந்தத்தோடு நடக்கும் காவலர்களோ அதைவிடக் குறைவு. ஒரு காலைப் பொழுதில் பல நூறு ஏக்கரைக் கையாளும் வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது ஈர்க்கத்தான் செய்யும். எந்தக் காட்டை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது வனவியல் அறிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டியது. என் கவலை ஹெலிகாப்டரில் அமரும் மனிதர்களையும் அதன் கீழே நிற்கும் மனிதர்களையும் பற்றியது மட்டுமே.

வானிலிருந்து தீயிடும் முறை 1960களின் நடுவில் மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவானது. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஒரு சிறிய பிளாஸ்டிக் பந்து. மேசைப்பந்தாட்டப் பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. உள்ளே சில கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். நம் ஊரில் கிணற்றுக்குப் போடுவதற்கு மருந்துக் கடையில் வாங்கும் அதே ஊதாப் பொடிதான். ஹெலிகாப்டரின் கதவருகே பொருத்திய இயந்திரத்துக்குள் பந்து உருண்டு வரும்போது ஓர் ஊசி அதைத் துளைத்து எத்திலீன் கிளைக்காலைச் செலுத்துகிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்டில் இருப்பதும் இந்தத் திரவம்தான். இரண்டும் கலந்ததும் உடனே எரிவதில்லை. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்தே தீப்பற்றும். அதற்குள் பந்து தரையைச் சேர்ந்திருக்கும். இதைத் தவிர, ஹெலிகாப்டரின் அடியில் பீப்பாயைத் தொங்கவிட்டுக் கெட்டியாக்கிய பெட்ரோலை எரியவிட்டுச் சொட்ட வைக்கும் முறையும் உண்டு. மக்கள் வசிக்கும் இடங்களோடு ஒட்டிக் கிடக்கும் நம் காடுகளில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த அரை நிமிடத்தை நம்பித்தான் முழு வேலையும் நடக்கிறது. ஆனால் அது மாறாத அளவு அல்ல. வெப்பம் ஏற ஏற வேதிவினை விரைவாகும், தீப்பற்றும் நேரம் சுருங்கும். குளிர்நாட்டுக் கையேட்டில் அச்சிட்ட எண்ணை நம் ஊர் பிப்ரவரி வெயிலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், அன்று பயன்படப்போகும் பெட்டியிலிருந்து சில பந்துகளை எடுத்துத் தரையில், அன்றைய வெயிலில், கையில் கடிகாரத்தோடு சோதிக்க வேண்டும். நேரம் குறைவாக வந்தால் அன்று பறக்கக் கூடாது.

ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். தரைச் சோதனையின்போது, ஊசி குத்திய பந்து ஒன்று இயந்திரத்தின் சறுக்குப் பாதையில் சிக்கிக்கொண்டது. இதற்காகவே இயந்திரத்தோடு ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. விசையைத் திறந்தால் பாதைகளில் தண்ணீர் பாய வேண்டும். இயக்குபவர் இளைஞர், நல்ல பயிற்சி பெற்றவர். அவருடைய கை விசைக்குப் போகவில்லை, பந்தைப் பிடுங்கப் போனது. யாராக இருந்தாலும் கை அப்படித்தான் போகும். நான் கத்திய பிறகு விசையைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. தொட்டி காலியாக இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த மணல் வாளிதான் காப்பாற்றியது. அவருக்குக் கையுறை கருகியதோடு போயிற்று. பிறகு சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தோம். ‘தண்ணீர்த் தொட்டி பொருத்தப்பட்டுள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்திருந்தது. தொட்டி பொருத்தப்பட்டுத்தான் இருந்தது. நிரம்பியிருக்கிறதா, விசையைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை. அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு வரி என் கண்முன் நிற்கிறது. விதியின் சொற்களை எழுதுபவர்கள் ஹெலிகாப்டரின் அருகில் நின்று, ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவே காரணம்.

இயந்திரத்தைவிடப் பெரிய ஆபத்து பறக்கும் முறையில் இருக்கிறது. பந்துகள் எல்லைக்குள் சரியாக விழ வேண்டுமானால் ஹெலிகாப்டர் மரத்தலைகளுக்குச் சற்று மேலே, மெதுவாகப் பறந்தாக வேண்டும். ஒவ்வொரு ஹெலிகாப்டரின் பறப்புக் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் ஒரு வரைபடம் உண்டு. அதில் ஒரு பகுதி நிழலிட்டிருக்கும். எஞ்சின் நின்றுவிட்டால், விழும் வேகத்தில் மேல்நோக்கி வரும் காற்றே விசிறிகளைச் சுழற்ற, விமானி மெல்ல இறங்கிவிடலாம் என்பதுதான் ஹெலிகாப்டருக்கு இருக்கும் கடைசிப் பாதுகாப்பு. நிழலிட்ட பகுதியில் இருக்கும்போது அதற்கு வேண்டிய உயரமும் இல்லை, வேகமும் இல்லை. தீயிடும் பணியில் ஹெலிகாப்டர் பெரும்பாலான நேரம் அந்தப் பகுதியில், அல்லது அதன் விளிம்பில் இருக்கிறது. கீழே தப்பி இறங்க வெட்டவெளி இல்லை. மரங்கள் இருக்கின்றன, தானே வைத்த தீ இருக்கிறது.

இது வெறும் கணக்கு அல்ல. அமெரிக்காவில் இந்தப் பந்து முறையில் தீயிடும்போது 2005 மார்ச்சில் டெக்சாஸில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள். 2015 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலத்தின் டிசோட்டோ தேசியக் காட்டில் இருவர் இறந்தார்கள். 2019 மார்ச்சில் டெக்சாஸின் சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில் ஒருவர் இறந்தார். நீண்ட அனுபவமும் கெட்டியான கையேடுகளும் உள்ள ஒரு நாட்டில் நடந்தவை இவை.

ஆகவே எந்த விதிக்கும் முன்பாக உங்கள் வரைவில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலைக்கு மனிதர் மேலே போகத்தான் வேண்டுமா? இதே பந்துகளைப் போடும் ட்ரோன்கள் இப்போது அமெரிக்க அரசுத் துறைகளிலேயே பயன்படுகின்றன. ட்ரோன் விழுந்தால் ஓர் இயந்திரம் போகும், அவ்வளவுதான். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில், ட்ரோன் ஆய்வில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். மாநில அரசே ஒரு ட்ரோன் கழகத்தையும் நடத்துகிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்வதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன என்பதால், அனுமதிக்கான வேலையை இப்போதே தொடங்கினால்தான் உரிய பருவத்தில் கைகொடுக்கும். ட்ரோனால் முடியாது என்று எழுத்தில் காரணம் காட்டிய பிறகே ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்படியும் ஹெலிகாப்டர் தேவைப்பட்டால், அதில் வேலை இல்லாத ஒருவரும் ஏறக் கூடாது. பார்வையிட வரும் உயரதிகாரிக்கும், படம் எடுக்க வரும் செய்தியாளருக்கும் இது பொருந்த வேண்டும். மறுக்கும் அதிகாரம் விமானியிடம் இருக்க வேண்டும். இயந்திரத்தை இயக்குபவர் தீப்பற்றாத உடையும் தலைக்கவசமும் அணிந்து, ஒரே இழுப்பில் விடுபடக்கூடிய வாரில் கட்டப்பட்டிருக்க வேண்டும். தண்ணீருக்கும் அடங்காத தீயானால் இயந்திரத்தையே கழற்றி வெளியே தள்ளிவிடும் பயிற்சியைத் தரையில், கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தாலும் கை தவறாத அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும். ஊசி குத்திய பந்து ஒன்று உள்ளே இருக்கும்வரை ஹெலிகாப்டர் தளத்துக்குத் திரும்பக் கூடாது. காட்டுக்குள் செல்லும் உயரழுத்த மின்கம்பிகள் அனைத்தும் முதல் நாளே வரைபடத்தில் குறிக்கப்பட்டு, பந்து எதுவும் இல்லாமல் ஒருமுறை மேலே பறந்து கண்ணால் சரிபார்க்கப்பட வேண்டும்.

கீழே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோரைத் தீ கொண்டுபோனது. அவர்களில் பலர் சென்னையிலிருந்து போன பிள்ளைகள். அது தீத்தடுப்புக்காகத் திட்டமிட்டு வைத்த தீ அல்ல. ஆனாலும் ஒரு மலைச்சரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பாதையில் இறங்குகிறார்கள் என்று அறியாமல் இருப்பதன் விலை என்ன என்பதை அன்று கண்டோம். நம் காடுகள் ஆளற்றவை அல்ல. தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர், சீமாற்றுப் புல் அறுக்கப் போனவர் என்று யாராவது உள்ளே இருப்பார்கள். எரிக்கும் நாளை ஊர் ஊராக, பழங்குடிக் குடியிருப்புகளில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முதல் நாள் மாலை யார் யார் வீடு திரும்பவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். அன்று காலை, கோட்டருகே நிற்கும் ஒவ்வொரு காவலரும் பெயர் சொல்லி ரேடியோவில் பதில் தந்த பிறகே முதல் பந்து விழ வேண்டும். ஒருவர் பதில் தரவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நிறுத்து என்று சொல்லும் உரிமை விமானிக்கும் வனச்சரகருக்கும் மட்டும் இருந்தால் போதாது. கோட்டின் மூலையில் நிற்கும், தினக்கூலியில் வேலை செய்யும் காவலர் ரேடியோவில் ‘நிறுத்து’ என்றால், காரணம் கேட்காமல் அந்த நொடியே நிற்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம். அப்படிச் சொன்னதற்காக அவருடைய வேலைக்கு எந்தக் குறையும் வராது என்று விதியிலேயே எழுதியிருக்க வேண்டும். காற்று திரும்புவதை முதலில் முகத்தில் உணர்பவர் அவர்தான்.

வரைவு ஒன்றைத் துறை தயாரிக்குமானால், அதைத் தமிழில் வெளியிட்டு, முதுமலையிலும் தேனியிலும் கோடு எரிக்கும் காவலர்களிடம் வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். சரிபார்ப்புத் தாளின் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து பார்க்க ஒரு பழைய பராமரிப்புப் பொறியாளர் தேவைப்பட்டால், கிண்டியில் உள்ள உங்கள் தலைமையகத்துக்கு எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளர்,
பல்லாவரம், சென்னை