உச்சிப் பள்ளம் வேண்டாம், மாரியப்பா

களக்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரியப்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. ஏத்தன் வாழைத்தார் வெட்டு அடுத்த வாரம்.

அடுத்த மாதம் பிக்கப்புக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டி, அதன் உடலில் உள்ள உச்சிப் பள்ளத்தில் ஸ்பிரிங்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. நான் அதையே செய்து நான்கு மாதம் அவதிப்பட்டவன். தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போ.

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு எங்கள் தோப்புப் பாதை பாதையாகவே இல்லை. வண்டியின் மூக்கு மண்மேட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் நானும் உயரம் மாற்றும் வகை ஷாக்கை வாங்கினேன். அதன் உடலில் நான்கு பள்ளங்கள். எந்தப் பள்ளத்தில் சர்க்ளிப் என்ற பூட்டு வளையத்தை மாட்டுகிறோமோ, அதன்மேல் ஸ்பிரிங்கைத் தாங்கும் சீட் உட்காரும். சீட் மேலே போனால் வண்டியும் மேலே போகும். பட்டறைக்காரர் கேட்காமலேயே உச்சியில் போட்டுக் கொடுத்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டக்' என்று அடித்தது. ஸ்பிரிங் இறுகிவிட்டது என்றுதான் பலரும் சொன்னார்கள். அது உண்மையில்லை. ஸ்பிரிங் தாங்கும் எடை மாறவில்லை. ஆகவே அது சுருங்கும் அளவும் மாறவில்லை. மாறியது ஷாக் நிற்கும் நிலை. அது முன்பே நீண்டு நிற்பதால், சக்கரம் குழியில் இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்துபோகிறது. அந்தத் தூரம் தீர்ந்ததும் ஷாக் தன் எல்லையில் முட்டுகிறது. நீ குமுளி மலைப்பாதையில் ஏறுகிறவன். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கச் சக்கரம் தரையை விடாமல் இருக்க அந்த இறக்கம்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளத்துக்குப் பள்ளம் 10 மி.மீ. தானே என்று நினைத்துவிடாதே. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பார்: துலாவின் அச்சுக்கு அருகே ஒரு சாண் அசைந்தால் நுனியில் ஒரு முழம் அசையும். ஷாக், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் நிற்கிறது. சக்கரம் அதன் நுனியில். அதனால் என் வண்டியில் ஒரு பள்ளத்துக்கு ஏறத்தாழ 20 மி.மீ. ஏறியது. அடிப் பள்ளம் பழைய உயரம் என்றால், உச்சிப் பள்ளத்தில் 60. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடியது. சக்கரங்களின் கோணத்தை, அதாவது அலைன்மென்டை, பார்க்காமல் ஓட்டியதால் முன் டயர்களின் வெளி ஓரம் மழுங்கிவிட்டது. அது முழுக்க என் கவனக்குறைவு.

கடைசியில் நாங்குநேரியில் ஒரு அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கையில் எடுத்த முதல் கருவி டேப். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று அளவையும் சேர்த்து அளந்துவிடுவோம் என்றார். இடப்பக்கம் 552, வலப்பக்கம் 544. வலப்பக்கத்தை ஒரு பள்ளம் கூட்டிச் சமமாக்கலாமா என்று கேட்டேன். "8 மி.மீ. சாய்வை நிமிர்த்த 20 மி.மீ. தூக்கினால் மறுபக்கம் 12 சாயுமே" என்றார். அந்த மனிதரை எனக்கு அந்த நொடியே பிடித்துப்போயிற்று.

இரண்டு பக்கமும் கீழிருந்து இரண்டாம் பள்ளத்துக்கு இறக்கினோம். பழைய உயரத்தைவிட 20 மி.மீ. கூடுதல், அவ்வளவுதான். தோப்புப் பாதைக்கு அதுவே போதும். மூக்கு இடிப்பதில்லை, அந்த 'டக்' ஓசையும் போய்விட்டது. லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் முறுகியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடுமாம். பிறகு வள்ளியூர்வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் அளந்தோம். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.

நீ ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவன். பாரம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தானாகவே நிமிரும். அதனால் காலி வண்டியிலும் அளந்துகொள், பாரத்தோடும் அளந்துகொள். தார் ஏற்றிய வண்டியில் என் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடித்தது. இப்போது சுவர் முன் நிறுத்தித் தாழ்த்தி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஸ்பிரிங்கை நீயோ தம்பியோ வீட்டில் கழற்றக் கூடாது. சுருக்கிப் பிடித்த ஸ்பிரிங் நழுவினால் உயிர் போகும். ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் உள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் அளந்து போனில் சொல். பார்த்துவிட்டு எந்தப் பள்ளம் என்று பேசுவோம். ஆடியில் வருவாய்தானே? உனக்கென்று ஒரு தார் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
சுடலைமுத்து