நரகத்தைத் திரையிட உதவியவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் திரைப்பட வட்டத்தில் 'ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோவின் நரகம்' ஆவணப்படத்தைப் போட்டோம். மனைவி மேல் சந்தேகப்படும் ஒரு கணவனைப் பற்றி பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ 1964இல் எடுக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன 'நரகம்' படத்தின் கதை அது. நாற்காலி போதாமல் பின்னால் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்கு ஹாலைப் பூட்டியாக வேண்டும் என்பதால் நன்றியுரைக்கு நேரமில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில், தமிழில் சப்டைட்டில் எழுதிக் கொடுத்த புதுச்சேரி பிரெஞ்சு ஆசிரியை அம்மாவுக்கு. அந்தப் படப்பிடிப்பில் வேலை பார்த்தவர்களின் பேட்டிகள்தான் ஆவணப்படத்தின் முதுகெலும்பு. "யூனிட் ஆள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும், செந்தமிழ் வேண்டாம்" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஹாலில் எழுந்த சிரிப்புகளில் பாதி அவருக்குச் சேர வேண்டியவை.

அடுத்து, கோடம்பாக்கத்தில் ஃபிலிம் லேபில் கிரேடிங், அதாவது நிறம் சரிபார்க்கும் வேலை, பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன். கணவனுக்குச் சந்தேகம் தலைக்கேறும்போது ஏரித் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறுமே, அது எப்படி என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டார். அண்ணன் பையிலிருந்து பழைய கலர் நெகட்டிவ் துண்டு ஒன்றை எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டி, வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்பினார். லேபில் நிறங்களை மாற்றிப்போட்டால் நீலத் தண்ணீர் சிவப்பாகிவிடும். ஆனால் கூடவே முகமும் மாறித் தொலையுமே! அதற்காகத்தான் நடிகர்களுக்கு முன்கூட்டியே எதிர்நிறத்தில் மேக்கப். நாயகி ரோமி ஷ்னைடரின் உதட்டில் நீலச் சாயம் ஏன் என்பது அப்போதுதான் பலருக்குப் பிடிபட்டது. இன்று கம்ப்யூட்டரில் செய்வதை அன்று மேக்கப் நாற்காலியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்திருக்கிறது.

படம் ஏன் நின்றது என்ற விவாதம் டீக்கடை வரை நீண்டது. சோதனைக் காட்சிகளைப் பார்த்து அசந்துபோன ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம், செலவுக்கு வரம்பே இல்லை என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், அங்கேயே படம் பாதி செத்துவிட்டது. கராபிட் ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த அந்தச் செயற்கை ஏரியை மின்வாரியம் சீக்கிரமே வற்றவிடப் போகிறது. அதற்குள் முடிக்க மூன்று கேமரா குழுக்களை வைத்துக்கொண்டும், க்ளூஸோ ஏற்கெனவே எடுத்த ஷாட்டையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். நாயகன் ரெஜியானி உடம்பு முடியாமல் கிளம்பிப் போனார். அப்புறம் இயக்குநருக்கே மாரடைப்பு. மூன்றாவது வாரத்தோடு எல்லாம் முடிந்தது. "கை நிறையக் காசு இருந்தால் நாங்கள் முடித்திருப்போம்" என்று வாதாடிய குறும்படத் தம்பிக்கும் நன்றி, ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாலும்.

எதிர்பார்த்த மாதிரியே 'மருதநாயகம்' பேச்சும் வந்தது. 1997இல் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்த படமாயிற்றே, வராமல் இருக்குமா? அதைப் பேச ஆரம்பித்த பெரியவர் ஐயாவிடம் மைக்கைத் திரும்ப வாங்கிய தம்பிக்குத் தனி நன்றி.

நேரில் சொல்ல முடியாத நன்றி ஒன்றும் உண்டு. ஒலியில்லாத 185 டப்பா ஃபிலிமைத் தூக்கிப் போடாமல் காத்தவர்களுக்கும், க்ளூஸோவின் மனைவி இனேஸோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட நேரத்தில் பேச்சுக் கொடுத்து, அந்த ஃபிலிமைப் பயன்படுத்தச் சம்மதம் வாங்கிய ஆவணப்பட இயக்குநர் செர்ஜ் ப்ரோம்பெர்குக்கும். அந்த லிஃப்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் 2009இல் இந்த ஆவணப்படம் வந்திருக்குமா, தெரியாது.

வாடகை வாங்காமல் ஹாலைத் தந்தவர், ப்ரொஜெக்டரோடு வந்து வயர் சுற்றும்வரை இருந்தவர், சுண்டல் கொடுத்த வீட்டார், திரையிட அனுமதி அளித்த உரிமையாளர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணிகளைத் துவைத்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இதே திரைக்கதையை 1994இல் இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ஷாப்ரோல் எடுத்து முடித்தார். அடுத்து அதைப் போடலாமா என்று யோசிக்கிறோம். சப்டைட்டில் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்,
திரையிடல் குழுவினர் சார்பில்