காற்று மெத்தை வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மார்கழியில் உன் மாமனார், மாமியார் பெங்களூருக்கு வந்து தங்கப் போகிறார்கள், ஹாலில் போட ஏர் பெட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். சைக்கிள் கடையில் டியூபோடும் வால்வோடும் காலம் தள்ளியவன் நான். காற்று பிடித்து நிற்கிற பொருள் எதைப் பார்த்தாலும் அமுக்கிப் பார்க்கத் தோன்றும்.

தாராளமாக வாங்கு. ஆனால் ஒன்றை மனதில் வை. அவர்கள் குறை சொல்லவே மாட்டார்கள். ராத்திரி முழுக்க இடுப்பு தரையில் முட்டினாலும், காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு "நல்லாத் தூங்கினோம்மா" என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே நீயும் மாப்பிள்ளையும் ஒரு ராத்திரி அதில் படுத்துப் பார்த்துவிடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெத்தையின் குணம் விடிகாலை நாலு மணிக்குத்தான் வெளிப்படும்.

முதலில் உயரம். சம்பந்தி அம்மாவுக்கு முட்டி வலி. ஒற்றை அடுக்கு மெத்தை ஒரு சாண் உயரம்தான் இருக்கும். அதிலிருந்து அவர்களால் எழுந்திருக்க முடியாது. கேட்டு உதவி வாங்கவும் கூச்சப்படுவார்கள். இரட்டை உயரமாக, 46 செ.மீ. வருகிறதை வாங்கு. அது கிட்டத்தட்ட நாற்காலி உயரம். ஓரத்தில் உட்கார்ந்தால் அமுங்கத்தான் செய்யும், பக்கத்தில் கனமான மர நாற்காலி ஒன்றைப் போட்டு வை, ஊன்றி எழட்டும்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய மெத்தை ஒன்று வேண்டாம், இரண்டு சிங்கிள் வாங்கு என்பேன். காசு கூடத்தான். ஆனால் பெரிய மெத்தையில் ஒருவர் புரண்டால் காற்று அந்தப் பக்கம் போய் மற்றவரைத் தூக்கிவிடும். உன் மாமனாருக்குச் சர்க்கரை, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவார். அவர் எழும்போதெல்லாம் அந்த அம்மாவும் விழித்துக்கொள்வார்கள். சிங்கிள் 99 செ.மீ. அகலம், 191 நீளம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட ஆறரை அடி வேண்டும். ஹாலை டேப் வைத்து அளந்துவிடு.

உள்ளே என்ன தாங்குகிறது என்பதைக் கேட்டு வாங்கு. மேலே வெல்வெட் போல இருப்பதை வைத்து முடிவு செய்யாதே. அது போர்வை வழுக்காமல் இருக்கத்தான். மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் உள்ளே இழுத்துப் பிடிக்கிற தடுப்புகளில்தான் பலம். இன்டெக்ஸ் என்கிற கம்பெனியின் பல மெத்தைகளில் தடுப்புக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் இழைகளை வைக்கிறார்கள். அந்த மாதிரி மெத்தை நடுவில் தொய்யாமல் சமமாக நிற்கிறது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள் தடுப்பு ஒன்று விட்டுப்போனால் அந்த இடம் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும். அதை என்னாலும் சரிசெய்ய முடியாது. கேரண்டி சீட்டைப் பத்திரமாக வை.

காற்றடிக்கிற மோட்டார் உள்ளேயே இருக்கிற மெத்தை சௌகரியம். ஆனால் மோட்டார் போனால் மெத்தையும் கிடப்பில் போகும். அப்படி வாங்கினால், கரண்ட் இல்லாதபோது கால் பம்பில் அடிக்கத் தனி வால்வு இருக்கிறதா என்று பார். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கத்திய 110 வோல்ட் மோட்டார் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். சைக்கிள் பம்பைத் தொடாதே, இது எழுநூறு எண்ணூறு லிட்டர் காற்று குடிக்கிற பொருள், விடிய விடிய அடிக்க வேண்டியிருக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரும் ஆகாது. ஒட்டிய விளிம்பு பிரிந்துவிடும்.

வாங்கிய புதிதில் இரண்டு மூன்று ராத்திரி காலையில் தளர்ந்து கிடக்கும். பஞ்சர் என்று பதறாதே. மெத்தை செய்திருக்கிற பிவிசி பிளாஸ்டிக் இழுபட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். குளிரும் சேரும். மார்கழியில் உங்கள் ஊரில் ராத்திரி 16 டிகிரி வரை இறங்கும். ஆறு டிகிரி குறைந்தாலே உள்ளே இருக்கிற காற்று நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கும். ஆகவே மத்தியானம் அடித்து வைக்காமல், படுக்கும் முன் ஒரு தடவை நிரப்பு. கல் மாதிரி இறுக அடிக்காதே.

அடியிலும் மேலும் பவானி ஜமுக்காளம் விரி. உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும், வெறும் பெட்ஷீட் போதாது. இன்னொரு காரணமும் உண்டு. சம்பந்தி அம்மாவின் மெட்டி, கொலுசுத் திருகாணி, தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்கு எல்லாமே பிவிசிக்கு எமன். அதைக் கழற்றச் சொல்ல முடியுமா? ஜமுக்காளம் தடிமனாக இருந்தால் போதும். கொசுவர்த்திச் சுருளைப் பக்கத்தில் வைக்காதே.

இனி எழுதுவதை மாப்பிள்ளையும் படிக்கட்டும். குழந்தையை அந்த மெத்தையில் தூங்க வைக்கக் கூடாது. பாட்டி ஆசையாகப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள், நீ தடுக்கத் தயங்குவாய். எட்டு மாதக் குழந்தை குப்புறப் புரண்டால், முகம் அமுங்கி மூச்சு முட்டும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளவும் கூடும். 15 மாதம் வரை குழந்தைகளை இதில் படுக்க வைக்கவே கூடாது என்று மெத்தையிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். பகலில் ஒரு மணி நேரத் தூக்கம்கூட வேண்டாம். மாப்பிள்ளையே அவர் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடட்டும், அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே.

நிஜமாகவே காற்று இறங்கினால் முதலில் வால்வைப் பார். அங்கே இல்லையென்றால் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வா. குமிழ் விடுகிற இடம்தான் ஓட்டை. நம் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் ரப்பருக்குத்தான், பிவிசியில் உரிந்து வந்துவிடும். பெட்டியில் கொடுத்த ஒட்டுத் துண்டையே பயன்படுத்து. வெல்வெட் பக்கமானால், அந்த மென்முடியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த பிறகு ஒட்டு. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மேலே கனம் வைத்து, மறுநாள் வரை தொடாதே.

அவர்கள் ஊருக்குப் போனதும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு தளர மடித்து அலமாரியில் வை. பரண் வேண்டாம், எலி இருந்தால் முடிந்தது.

ஜமுக்காளம் இங்கேயே எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பஸ் பார்சலில் வரும். ஹால் அளவை அம்மாவிடம் சொல்லு.

அன்புடன்,
அப்பா