எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளி மொழியும் இயங்குதளம் எழுதும் முறையும் கற்கப் புத்தகங்கள் கேட்டிருந்தாயே, நேற்று வளவில் உட்கார்ந்து, நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இன்டெல் 8086 செயலி பற்றிய புத்தகம் ஒன்று மேலேயே கிடைத்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தாலும் எழுத்துக்குச் சேதமில்லை. ஆனாலும் அதை உனக்கு அனுப்பப் போவதில்லை. 1978இல் வந்த அந்த 16 பிட் செயலிக்கு டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தை நம்பி எழுதிய நிரல்கள், உன்னிடமுள்ள 64 பிட் லினக்ஸில் அப்படியே ஓடமாட்டா. ஆகவே முதலில் செயலியைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு புத்தகம் தேடு.

என் யோசனை ரிஸ்க்-ஃபைவ் என்னும் செயலி வகை. அதன் அடிப்படைக் கட்டளைகள் ஏறக்குறைய 40 தான். எம்.ஐ.டி. ஆசிரியர்கள் மாணவர்களுக்காக 2006இல் உருவாக்கிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயங்குதளம், 1975ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றியது. இப்போது ரிஸ்க்-ஃபைவில் இயங்குகிறது. மூல நிரலும் விளக்க நூலும் இலவசமாகவே கிடைக்கின்றன. வேறு செயலியைப் போல நடித்துக்காட்டும் க்யூஎமு மென்பொருள் இருந்தால் தனி இயந்திரமும் வேண்டாம்.

எக்ஸ்வி6இல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்ச் என்னும் பகுதியை முதலில் படி. செயலிக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் சிற்றறைகளான ரெஜிஸ்டர்களில் 14ஐ நினைவகத்தில் எழுதி வைத்து, வேறு 14 மதிப்புகளை அங்கிருந்து எடுத்து நிரப்பி, ‘திரும்பிப் போ’ என்னும் ஒரே ஒரு ரெட் கட்டளையுடன் அது முடிந்துவிடுகிறது. திரும்பிச் செல்லும் முகவரியும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதால், அழைத்த இடத்துக்குத் திரும்பாமல், முன்பு நிறுத்திவைத்த வேறொரு வேலைக்குள் போய் இறங்குகிறது. இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலிடெக்னிக்கில் 8085 செயலியின் பயிற்சிக் கிட்டில் 3E, 05 என்று இயந்திர மொழியின் ஒவ்வொரு எண்ணாக மாணவர்களை அழுத்த வைத்தேன். இயங்குதளமோ வேறு பருவத்தில் தனிப் பாடமாக வந்தது. இரண்டும் சந்திக்கும் இந்த இடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நான் காட்டாமலே விட்டுவிட்டேன்.

கோட்பாட்டுக்கு அர்பாசி-டுசோ தம்பதியர் எழுதிய ‘ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்’ போதும், இதன் அத்தியாயங்களும் இணையத்தில் இலவசம். இன்டெல் கையேடுகள் பல ஆயிரம் பக்கம். அவற்றை இப்போது தொடாதே.

எக்ஸ்வி6 விளக்க நூலைச் செக்காலை ரோட்டில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, திங்கட்கிழமை கூரியரில் அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலால் நான் குறித்திருப்பவற்றில் தவறு கண்டால் எழுது.

அன்புடன்,
அப்பச்சி