பழைய தாளைத் தேடி எடு

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதையும் காலையில் சளி கட்டுவதையும் எழுதிவிட்டு, வயதாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்திருந்தாய். அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சென்ற மாதம் பிறை நகரில் எங்கள் வெல்டிங் பட்டறையில் எல்லாருக்கும் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை நடந்தது. முழு மூச்சை இழுத்து ஊதியபோது முதல் வினாடியில் நான் வெளியேற்றிய காற்று 2.7 லிட்டர், என் வயதுக்கும் உயரத்துக்கும் அது இயல்பான அளவுதான் என்று அறிக்கையில் இருந்தது. ஆனால் தொழில்சார் சுகாதார மருத்துவர் அத்துடன் விடாமல், பத்தாண்டுக்கு முன் எடுத்த என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்போது 3.6 லிட்டர். வயதினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் குறைவது வழக்கமாம்; அக்கணக்கில் 300 குறைந்திருக்கலாம், எனக்கோ 900 குறைந்திருக்கிறது. நல்ல நுரையீரலோடு தொடங்கியவன் நிறைய இழந்த பிறகும் இயல்பு என்ற எல்லைக்குள்ளேயே நிற்பான் என்று அவர் விளக்கியபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

முன்பு ஒருமுறை, வேறோரிடத்தில், வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரே ஒரு முறை ஊதச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளை ஒப்பிடவே முடியாது. குறைந்தது மூன்று முறை சரியாக ஊத வேண்டும். அவற்றுள் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பிவிடாதே. இரும்புத் தூசி படிந்தவர்களுக்குப் படத்தில் புள்ளிகள் தெரிந்தும் மூச்சு நன்றாகவே இருப்பதுண்டு. படம் தெளிவாக இருந்தும் 2 மில்லிமீட்டருக்குக் குறைவான நுண்ணிய மூச்சுக்குழாய்களில் கேடு தொடங்கியிருப்பதும் உண்டு. அந்தக் குழாய்களின் தொடக்கக் கேட்டை ஸ்பைரோமெட்ரியும் தவறவிடக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் வேறு நுரையீரல் சோதனைகளும் செய்யச் சொல்வார்கள்.

நாம் ஒன்றாக வேலை செய்த நாள்களில் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வெல்டிங் செய்த இரவுகளில் குளிரும் காய்ச்சலும் வந்து, ஓரிரு நாளில் தணிந்துவிடும் அல்லவா? துத்தநாகப் புகையால் வந்த காய்ச்சல் அது. பால் குடித்தால் போதும் என்று நம்பினோம். பால் வயிற்றுக்குத்தான் போகிறது, புகை போன இடத்துக்கு அன்று.

நீ இப்போது செந்தூலில் செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. அதன் புகையில் குரோமியமும் நிக்கலும் உள்ளன; ஆஸ்துமாவையும் அவை உண்டாக்கலாம். சாதாரண இரும்பு என்றாலும் ஆபத்து இல்லாமல் இல்லை: 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. விடுமுறை நாள்களில் மூச்சு இலகுவாகி, வேலைக்குத் திரும்பியதும் இறுகுகிறதா என்று கவனித்து எழுது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறிய பீக் ஃபுளோ கருவி ஒன்று வாங்கி, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் நான்கு வேளை ஊதிக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

உன் தகரப்பெட்டியில் பழைய சோதனைத் தாள் ஒன்று இருக்க வேண்டும். அதைத் தேடி எடுத்து வை. அடுத்த மாதம் கோலாலம்பூர் வருகிறேன். இருவருமாகத் தாள்களோடு மருத்துவரிடம் போவோம். நாள் குறித்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்